கட்டைப் பிரம்மச்சாரிக்குப் பூச்செண்டு: ‘பாலீர்ப்பின்மை’ என்ற சொல்லைப் பற்றி

திருமணம் செய்துகொள்ளாமல் வயதாகிவிட்ட ஆணைக் ‘கட்டைப் பிரம்மச்சாரி’ என்கிறோம். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். ஆசைப்பட்டுக் கிடைக்காதவரா, விரதம் பூண்டவரா, ஆசையே எழாதவரா என்று அந்தச் சொல் விசாரிப்பதில்லை. மூவரையும் ஒரே கட்டாகக் கட்டி மூலையில் சாத்திவிடுகிறது. பெண்ணுக்கு அந்தப் பாதி மரியாதையும் கிடையாது. ‘முதிர்கன்னி’ என்பதோடு சரி. அந்த மூன்றாமவரை, யாரிடமும் பாலீர்ப்பு எழாதவரை, தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

இந்தக் கட்டை ஆங்கில நகைச்சுவை மேடையிலும் ஒருமுறை உருண்டிருக்கிறது. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில், பூ விற்கும் எலைசாவைத் தன் வீட்டில் தங்கவைத்து உச்சரிப்புச் சொல்லித்தர முன்வருகிறார் பேராசிரியர் ஹிகின்ஸ். பெண்கள் விஷயத்தில் நீங்கள் ஒழுங்கானவர்தானா என்று நண்பர் கர்னல் பிக்கரிங் கேட்டுவிடுகிறார். ஹிகின்ஸ் கோபப்படவில்லை. எத்தனையோ அமெரிக்கக் கோடீஸ்வரிகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், உலகிலேயே அழகான பெண்கள், ஆனால் அவர்கள் மரக்கட்டையாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், நானும் ஒரு மரக்கட்டைதான் என்கிறார். தமிழ் தெரியாமலே நம் வழக்கைத் தொட்டுவிட்ட மனிதர்.

அரங்கம் சிரித்தது, ஆனால் நம்பவில்லை. 1914 ஏப்ரலில் லண்டன் ஹிஸ் மெஜஸ்டிஸ் அரங்கில் ஹிகின்ஸாக நடித்தவர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ. அரங்கத்தின் முதலாளியும் அவரே. வசனம் முடிந்து திரை விழுவதற்குள் கிடைத்த சில நொடிகளில், எலைசாவின் பக்கம் ஒரு பூச்செண்டை வீச ஆரம்பித்தார். அந்த ஒரு வீச்சில் மரக்கட்டை மாப்பிள்ளையாகிவிட்டது. ஷா கொதித்தார். 1916இல் நாடகத்துக்கு நீண்ட பின்னுரை எழுதி, எலைசா தன்னைக் காதலித்த ஃப்ரெடி என்ற இளைஞனைத்தான் மணந்தாள் என்று அடித்துச் சொன்னார். ஹிகின்ஸின் பாசமும் அழகுணர்வும் பாலுணர்ச்சியிலிருந்து கழன்று தனியே நிற்பவை என்று பக்கம் பக்கமாக விளக்கினார். பயனில்லை. 1938இல் வந்த திரைப்படமும் 1956இன் ‘மை ஃபேர் லேடி’ இசைநாடகமும் எலைசாவை ஹிகின்ஸின் வீட்டுக்கே திரும்ப அழைத்து வந்தன. ஹிகின்ஸை இன்ன வகையினர் என்று முத்திரை குத்த நான் வரவில்லை. அவர் யாரிடமும் முரட்டுத்தனமாகப் பேசுகிறவர், அது வேறு கணக்கு. ஆனால் ஷா அத்தனை பக்கம் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. ‘இவருக்கு அந்த ஈர்ப்பே இல்லை’ என்பதை ஒரே மூச்சில் சொல்ல அன்றைய மேடையில் ஒரு சொல் இல்லை.

இன்று உலகம் வைத்திருக்கும் சொல் ‘அசெக்ஷுவல்’. முன்னால் நிற்கும் ‘அ’ கிரேக்கத்தின் எதிர்மறை, பின்னால் நிற்பது ‘செக்ஸஸ்’ என்ற லத்தீன். இந்தக் கலப்புச் சொல் முதலில் தாவரவியலாரின் கையில் இருந்தது. மகரந்தமும் சூலும் சேராமல் நடக்கும் இனப்பெருக்கத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் வைத்துக்கொண்ட அடைமொழி அது. நம் பள்ளிப் பாடநூல் அதைத்தான் ‘பாலிலா இனப்பெருக்கம்’ என்கிறது. அமீபா இரண்டாகப் பிளப்பதும், ஹைட்ரா மொட்டு விடுவதும் அந்த அத்தியாயத்தில் வரும். மேடையில் ஒருவர் ‘நான் அசெக்ஷுவல்’ என்றதும் மற்றவர் ‘அமீபாவா?’ என்று கேட்கும் நகைச்சுவையும் அங்கிருந்து வந்ததுதான். முதல்முறை சிரிக்கலாம். மூன்றாம் முறை, பத்தாம் வகுப்பில் அறிவியல் புத்தகத்தை மூடியவர் அதற்குப் பிறகு திறக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

மனிதரைக் குறிக்கும் பொருளுக்குச் சொல் மெல்லத்தான் நகர்ந்தது. 1948இல் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்ஸி மனிதரின் பால்நாட்டத்தைப் பூஜ்யம் முதல் ஆறு வரை அளந்தபோது, எந்த எண்ணிலும் அடங்காத சிலரை ‘எக்ஸ்’ என்று எழுதி ஓரமாக வைத்தார். 2001இல் டேவிட் ஜே என்ற அமெரிக்க இளைஞர் இணையத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கிய பிறகுதான் அந்த ‘எக்ஸ்’காரர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 2004இல் ஆய்வாளர் ஆண்டனி போகெர்ட், பிரிட்டனில் 18,000க்கும் மேற்பட்டோரிடம் முன்பே திரட்டிய தரவைப் புரட்டி, சுமார் நூற்றுக்கு ஒருவர் ‘யாரிடமும் எப்போதும் பாலீர்ப்பு ஏற்பட்டதில்லை’ என்ற விடையைத் தேர்ந்திருப்பதைக் காட்டினார். ஆங்கில உச்சரிப்பான ‘ஏசெக்ஷுவல்’ என்பதிலிருந்து ‘ஏஸ்’ என்ற சுருக்கமும் பரவியது. சீட்டுக்கட்டில் அதுதான் நம் ‘ஆஸ்’. ராஜாவும் ராணியும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மதிப்புக் குறையாத சீட்டு அது என்று ரம்மி ஆடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி தமிழுக்கு வருவோம். ‘பால்’ என்பது பகுப்பு, பிரிவு. இலக்கணத்தில் ஐம்பால், குறளில் முப்பால், ஆண்பால், பெண்பால் எல்லாம் அந்தப் பகுப்புத்தான். லத்தீனின் ‘செக்ஸஸ்’ என்ற சொல்லையும் ‘வெட்டு’ என்ற பொருளுள்ள வினையோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ‘பால்’ என்றால் ஊழ் என்றும் பொருள். தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதே ‘பாலது ஆணை’யால் என்கிறது தொல்காப்பியம். அதாவது பிரித்து வைப்பதும் பால், சேர்த்து வைப்பதும் பால். காப்பியில் விடுவதும் பால். இத்தனை வேலை பார்க்கும் சொல்லை வைத்துக்கொண்டு நாடகக்காரர்கள் சும்மா இருப்பதுதான் எனக்கு வியப்பு.

‘ஈர்ப்பு’ நமக்குப் புவியீர்ப்பு வழியாகப் பழகிய சொல். ‘தன்பாலீர்ப்பு’ இன்று நாளிதழ்களில் அடைப்புக்குறி விளக்கம் இல்லாமலே வருகிறது. இத்துறைச் சொற்களை மரியாதையாக எழுத வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதையடுத்து, தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஆகவே பாலீர்ப்பு வரை தகராறு இல்லை. அது இல்லை என்று சொல்வது எப்படி என்பதில்தான் சிக்கல்.

‘அபாலீர்ப்பு’ என்று வடமொழி ‘அ’வைத் தமிழ்ச் சொல்லின் தலையில் ஏற்றுவது காதுக்கே ஒவ்வவில்லை. ‘அல்பாலீர்ப்பு’ அழகாக இருக்கிறது, ஆனால் ‘அல்’ என்பது ‘அது இது அன்று’ எனத் தன்மையை மறுக்கும் சொல். திணை அல்லாதது அல்திணை, அதாவது அஃறிணை. வேற்றுமை அல்லாத வழி அல்வழி. அப்படிப் பார்த்தால் அல்பாலீர்ப்பு என்பது பாலீர்ப்பு அல்லாத வேறு ஏதோ ஒன்று. ஒரு பொருள் அங்கே இல்லை என்று சொல்ல நம்மிடம் இருப்பது ‘இல்’. பாலீர்ப்பு இல்லாமை, சுருக்கினால் பாலீர்ப்பின்மை. என் வாக்கு இதற்குத்தான்.

ஒரு நெருடல் மட்டும் உண்டு. ‘இன்மை’ என்றால் வறுமை என்றும் பொருள். ‘இன்மையின் இன்னாதது யாதெனின்’ என்று குறள் கேட்கும் இடத்தில் அது பசியைப் பற்றிய பேச்சு. ஆளைக் குறிக்கும் ‘இலி’யும் அப்படித்தான்: மதியிலி, நாணிலி என்று வசவுப் பட்டியலில் அதிகம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மாணிக்கவாசகர் சிவனையே ‘தாயுமிலி தந்தையிலி தான்தனியன்’ என்கிறார். அங்கே ‘இலி’ குறையைச் சொல்லவில்லை, எதற்கும் கட்டுப்படாததைச் சொல்கிறது. பாலீர்ப்பிலி என்று ஒருவர் தன்னைத்தானே அழைத்துக்கொண்டால் அது கம்பீரமாகவே இருக்கும். அடுத்தவர் அழைக்கும்போது ‘பாலீர்ப்பிலார்’ என்று ஒரு ‘ஆர்’ சேர்த்துக்கொள்வது நல்லது.

அந்த வரி வரும், திருவாசகத்தின் திருச்சாழலே ஒரு கிண்டல் விளையாட்டு. ஒருத்தி சிவனைக் கேலி செய்வாள், மற்றவள் மடக்குவாள். அதில் இன்னொரு பாட்டு நேராக நம் விஷயத்துக்கே வருகிறது. ‘பெண்பால் உகந்தான் பெரும்பித்தன்’ என்று முதல்வள் கேலி பேச, அவன் பெண்பால் உகக்காமல் இருந்திருந்தால் உலகத்தார் எல்லோரும் யோகத்தில் இறங்கி அழிந்தே போயிருப்பார்கள் என்கிறாள் மற்றவள். ‘எல்லோரும் இப்படியே இருந்துவிட்டால் உலகம் என்னாவது?’ என்று கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்கும் கேள்விக்கு வயது ஆயிரத்துக்கு மேல் என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பாட்டு பேசுவது யோகத்தைப் பற்றி. ஈர்ப்பு இல்லாததையும் துறவையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் முக்கால்வாசி அபத்தம் பிறக்கிறது. மணிமேகலை துறவி, ஆனால் இளவரசன் உதயகுமரனைக் கண்ட பிறகு ‘புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்’ என்று ஒப்புக்கொள்கிறாள். ஈர்ப்பு இருந்தது, அதை அவள் கடந்தாள். நகைச்சுவை மேடைக்குக் கடக்கிறவர்களைத்தான் மிகவும் பிடிக்கும். கி.மு. 411இல் ஏதென்ஸ் மேடையில், போரை நிறுத்தும்வரை கணவர்களை நெருங்க விடமாட்டோம் என்று பெண்கள் சபதம் செய்யும் ‘லைசிஸ்ட்ராட்டா’வின் சிரிப்பெல்லாம் இரு பக்கமும் படும் பாட்டில் இருக்கிறது. சபதம் என்று ஒன்று இருந்தால் அது சறுக்கும், சறுக்கினால் சிரிப்பு. ஆசையே இல்லாதவருக்குச் சறுக்க இடமில்லை. அதனால் நாடகாசிரியர் ஒன்று அவரை மேடைக்கே அழைப்பதில்லை, அல்லது கடைசிக் காட்சியில் பூச்செண்டு கொடுத்துத் திருத்திவிடுகிறார்.

ஆஸ்கர் வைல்டிடம் இதற்குச் சொல் விளையாட்டாகவே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1895இல் மேடையேறிய ‘தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தில், மணமாகாத பாதிரியாரைப் பார்த்து ஆசிரியை மிஸ் பிரிசம் ‘வுமன்த்ரோப்’ என்ற ஒரு புதுச் சொல்லை வீசுகிறார். மனித வெறுப்பாளர் என்பதற்கான ‘மிசன்த்ரோப்’ என்ற கிரேக்க வழிச் சொல்லைத் தப்பாகப் பிரித்து, ‘பெண் வெறுப்பாளர்’ என்று பொருள்பட அவராகவே தைத்துக்கொண்ட சொல் அது. பாதிரியார் பதறுவது குற்றச்சாட்டுக்காக அல்ல, சொல்லின் கோரத்துக்காக. அருமையான இடம். ஆனால் அவரையும் திரை விழுவதற்குள் மிஸ் பிரிசமின் கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார் வைல்ட். தொல்காப்பியர் சொன்ன அந்தப் பால், ஐரோப்பிய நகைச்சுவையில் நாடகாசிரியர் உருவத்தில் வந்து எல்லோரையும் ஜோடி சேர்க்கிறது.

நம் சபா நாடகங்களும் கல்யாணத்தை நம்பிப் பிழைப்பவைதான். அதே வீடு, அதே சோபா, அதே தரகர் போதும். சிரிப்பு யார் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். நான் எழுதினால் அந்தக் காட்சி இப்படி இருக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீடு. வங்கியில் வேலை பார்க்கும் 32 வயது மகள். மேசைமேல் ஜாதகம். தரகர் காத்திருக்கிறார்.

மகள்: “அப்பா, மனதில் யாரும் இல்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்த ஈர்ப்பே எனக்கு வருவதில்லை. இதற்குப் பாலீர்ப்பின்மை என்று பெயர்.”

அம்மா (சமையலறையிலிருந்து): “பால் இல்லையா? காலையில்தானே அரை லிட்டர் வாங்கினேன்!”

அப்பா (கண்ணாடியை மாட்டிக்கொண்டு): “சொல்லைப் பிரி.”

மகள்: “பால், ஈர்ப்பு, இன்மை.”

அப்பா: “பாலும் ஈர்ப்பும் எப்படிச் சேர்ந்தன?”

மகள்: “உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.”

அப்பா: “ம். ஈர்ப்பும் இன்மையும்?”

மகள்: “உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்.”

தரகர் (எழுந்து): “அய்யா, யார் யாரை விட்டு ஓடியது? முன்பே சொல்லியிருந்தால் இந்த வரனைக் கொண்டுவந்தே இருக்கமாட்டேனே!”

அப்பா: “உட்காரும். நன்னூல் சொல்கிறாள். இந்த இயலுக்கு என்ன பெயர் அம்மா?”

மகள் (தயங்கி): “புணரியல், அப்பா.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா மூன்று டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்து வைக்கிறார். பால் திரிந்துவிட்டதாம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஜாதகத்தை எடுக்கிறார். மகள் பெருமூச்சு விடுகிறாள். அவர் அதைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறக்கிறார்.

அப்பா: “இன்மை என்பது சரியாக இல்லை. என் பெண் ஏதோ வறுமையில் இருப்பது போல ஒலிக்கிறது. வேறு சொல் பார்ப்போம்.”

விளக்கு மங்கும்போது தரகர் ஜாதகத்தைத் திரும்பக் கேட்கிறார். அதன் பின்பக்கம் முழுக்க அல், இல், அறு என்று எழுதி அடித்திருக்கிறது.