பெரிய வயதில் பியானோ: மொசார்ட்டின் ஐந்தாவது பாரில் தடுக்கி விழுகிறவர்களுக்கு

நாற்பது வயதுக்கு மேல் பியானோ கற்க வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது என் தொழில். கிரேடு பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டமே வழிகாட்டிவிடும். பெரியவர்களுக்கு அது கிடையாது. எதை வாசிப்பது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள், பெரும்பாலும் தப்பாக. அதிகம் பேர் கேட்டு வருவது மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, அதாவது பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்பு. பிற்காலத்தில் தொகுத்த மொசார்ட் பட்டியலில் அதன் எண் கே. 545.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. நொட்டேஷனைத் திறந்தால் மிரட்டுகிற மாதிரி எதுவும் கண்ணில் படாது. தொடக்கத்தில் ஷார்ப், ஃப்ளாட் குறி ஒன்றும் இல்லை. வலது கையில் ஒற்றை மெட்டு, இடது கையில் சி-ஜி-இ-ஜி என்று உடைத்துப் போட்ட கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). 1788 ஜூன் 26 அன்று தன் படைப்புப் பட்டியலில் ஏற்றியபோது மொசார்ட்டே இதை ஆரம்ப நிலையினருக்கான சின்ன சொனாட்டா என்றுதான் குறித்துவைத்தார். (அதே தேதியில் 39-வது சிம்பொனியும் பட்டியலில் ஏறியிருக்கிறது. அந்த மனிதருக்கு எது சின்னது, எது பெரியது என்று நாம் கணக்குப் போடாமல் இருப்பது நல்லது.)

முதல் நான்கு பார் (தாளத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு பார்) யாருக்கும் வந்துவிடும். ஐந்தாவது பாரில் வலது கை ஸ்கேல் ஓட ஆரம்பிக்கிறது. ஏ-யில் தொடங்கி ஓர் ஆக்டேவ், அதாவது அடுத்த ஏ வரை, ஏறி இறங்கும். அடுத்த பாரில் ஜி-யிலிருந்து, அதற்கடுத்து எஃப், அப்புறம் இ. ஏறக்குறைய முழுக்கச் செமிகுவேவர் ஓட்டம், அதாவது ஒரு துடிப்புக்கு நான்கு ஸ்வரம். முதல் நான்கு பாரை உற்சாகமாக ஒரு வேகத்தில் எடுத்தவர் இங்கே வந்ததும் திணறுவார். வேகம் பாதியாகும், இல்லையென்றால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். உடனே முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். இப்படியே ஒரு மாதம் போனால் முதல் நான்கு பார் தேனாக இனிக்கும், ஐந்தாவது அப்படியே கிடக்கும்.

“மிஸ், யூடியூப்ல அவங்க வாசிக்கிற ஸ்பீடு எனக்கு வரவே மாட்டேங்குது.”

“அந்த ஸ்பீடு எதுக்கு சார் உங்களுக்கு? அஞ்சாவது பாரை எவ்வளவு மெதுவா வாசிச்சா தப்பு வராதோ, அந்த ஸ்பீடுலயே முதல் பாரையும் ஆரம்பிங்க.”

இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. தரம் குறைத்துச் சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கச்சேரிக்கு உட்காரும் வித்வானும் காலப்பிரமாணத்தை முடிவு செய்யும்போது முதல் வரியை மட்டுமா பார்க்கிறார்? பின்னால் வரும் சங்கதிகளையும் மனதில் வைத்துத்தானே எடுக்கிறார்! விரல் கணக்கு இங்கே ஒன்றும் சிக்கலில்லை. நான்கு ஸ்கேலும் வெள்ளைக் கட்டையிலேயே ஓடுவதால் ஒரே வரிசை போதும்: ஏறும்போது 1-2-3-1-2-3-4-5, இறங்கும்போது அதையே பின்னோக்கி. பென்சிலால் எழுதிவைத்து அந்த நான்கு பாரை மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்கள். அது கைக்கு வந்தபின் முதல் பாருக்குப் போங்கள்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. டிக் டிக் என்று தட்டி வேகத்தை எண்ணால் அளந்து காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்ட்செல் என்பவர் காப்புரிமை வாங்கிய வருஷம் 1815. மொசார்ட் 1791-லும், அவர் காலத்து இசையமைப்பாளரான ஹைடன் 1809-லும் காலமாகிவிட்டார்கள். இவர்களுடைய சொனாட்டா ஏதாவது ஒன்றின் தலையில் மெட்ரோனோம் எண் அச்சிட்டிருந்தால் அது பின்னால் வந்த பதிப்பாசிரியர் போட்டது. ‘அலெக்ரோ’ (விறுவிறுப்பாக) என்பது போன்ற சொல் மட்டும்தான் அவர்கள் விட்டுப்போனது. தவிர, அவர்கள் வாசித்த வாத்தியமும் வேறு. அன்றைய வியன்னா பியானோவுக்கு ஐந்து ஆக்டேவ்தான். சுத்தியல் சின்னது, மேலே தோல் போர்த்தியிருக்கும். இன்றைய பியானோவில் கட்டை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால் அந்தப் பியானோவில் அதில் பாதியளவுதான். லேசாகத் தொட்டாலே பேசும். அந்த வாத்தியத்துக்கு எழுதிய ஓட்டத்தை இன்றைய கனமான கட்டையில், தொழில்முறைக் கலைஞரின் ரெக்கார்டிங் வேகத்தில் வாசிக்கப் பார்த்தால் முதலில் களைத்துப்போவது முன்கைதான்.

கை வலியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடது கையில் ஓயாமல் வரும் அந்த உடைந்த கார்டை, ஆல்பெர்ட்டி பேஸ் என்பார்கள், விரலை மட்டும் தூக்கித் தூக்கி அடித்தால் பத்து நிமிஷத்தில் முன்கை இறுகிவிடும். கதவில் சாவியைத் திருப்புகிற மாதிரி முன்கை லேசாக இப்படியும் அப்படியும் திரும்ப வேண்டும், விரல் அதோடு கூடவே போனால் போதும். வலியோ மரத்துப்போவதோ தெரிந்தால் அன்றைக்கு மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாளும் தொடர்ந்தால் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பிறர் முன்னால் வாசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நான்கைந்து பேர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி வாசியுங்கள் என்று என் மாணவர்களை விடாமல் நச்சரிக்கிறேன். “இன்னும் முடிக்கலையே மிஸ்” என்பதுதான் எப்போதும் வரும் பதில். முடித்துவிட்டு வாசிக்கலாம் என்று காத்திருப்பவர் வாசிக்கவே மாட்டார்.

இந்தச் சங்கீதம் பிறந்ததே இப்படிப்பட்ட வீட்டுக் கூடங்களுக்காகத்தான். இசையமைப்பாளர் கார்ல் பிலிப் இமானுவேல் பாக் 1779 முதல் 1787 வரை பியானோ போன்ற கட்டை வாத்தியங்களுக்கான படைப்புகளை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். ரசிகர்களுக்கும் விஷயம் தெரிந்தவர்களுக்கும் என்று அட்டையிலேயே போட்டுத்தான் விற்றார். ஹைடன் 1780-இல் ஆறு சொனாட்டாக்களை அர்ப்பணித்தது அவுவென்ப்ரூகர் சகோதரிகளுக்கு. (நெஞ்சைத் தட்டிப் பார்த்து நோய் கண்டுபிடிக்கும் முறையை உலகுக்குச் சொன்ன டாக்டர் அவுவென்ப்ரூகரின் மகள்கள்தான் அவர்கள்.)

எனக்கு மிகவும் பிடித்தவர் மரியான் ஃபொன் கென்ட்சிங்கர். ஹைடன் வேலை பார்த்த எஸ்டர்ஹாஸி இளவரசரின் மருத்துவருடைய மனைவி, வீட்டில் பியானோ வாசிப்பவர். ஹைடனின் ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு ஒன்றின் மெதுவான பகுதியைத் தானே பியானோவுக்கு மாற்றி எழுதி 1789-இல் அவருக்கே அனுப்பிவைத்தார். நட்பு அதிலிருந்து தொடங்கியது. மறுவருஷம் ஹைடன் அவருக்காக ஈ ஃப்ளாட் சொனாட்டாவை, ஹைடன் படைப்புகளுக்கான ஹோபோகன் பட்டியலில் 16:49, முடித்து அனுப்பினார். அதன் அடாஜியோவின் (மெதுவான பகுதியின்) நடுவில் கைகள் ஒன்றையொன்று தாண்டிப் போகிற இடம் வரும். அது எனக்குப் பழக்கமில்லை, கஷ்டமாக இருக்கிறது, வேறு மாதிரி மாற்றித்தர முடியுமா என்று அந்த அம்மாள் ஹைடனுக்கே கடிதம் எழுதிவிட்டார்! தன் கைக்கு எது வராது என்று தெரிந்து, கூச்சமில்லாமல் வாய்விட்டுக் கேட்ட அந்த மனசு எனக்குப் பிடிக்கிறது. நம் ஆட்கள் அதே இடத்தில் மூன்று மாதம் முட்டிக்கொண்டிருந்துவிட்டு, பியானோவின்மேல் துணி போர்த்திவிடுவார்கள்.

ஆகவே சொனாட்டா முழுவதும் வேண்டாம், ஒரு மூவ்மென்ட் (ஒரு பகுதி) போதும். அதுவும் முடியவில்லையா, முதல் ரிப்பீட் குறி வரை வாசித்து நிறுத்துங்கள், ஒரு குற்றமும் இல்லை. கே. 545-இல் நான் சிபாரிசு செய்வது நடுவிலுள்ள ஆண்டான்டேயை (நிதான நடைப் பகுதியை). இடது கை அங்கேயும் ஓயாது, ஆனால் மெட்டு பாடுகிற மாதிரி வரும், பின்வாங்க இடமிருக்கும். வாசித்து முடித்ததும் மற்றவர்கள் திருத்தம் சொல்லக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் கண்டிப்பான விதி. வாசித்தவரே ஏதாவது கேட்டால் பதில் சொல்லலாம். நடுவில் தப்பினால் மன்னிப்புக் கேட்டு நிறுத்தாமல் அடுத்த பாரில் ஏறிக்கொள்ள வேண்டும். தனியாகப் பழகும்போது இந்தப் பயிற்சி கிடைக்கவே கிடைக்காது, ஆள் எதிரில் இருந்தால்தான் வரும்.

பதிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். பழைய மலிவுப் பதிப்புகளில் அடர்த்தியாக இருக்கும் குறிகளில் பல இசையமைப்பாளர் போட்டவை அல்ல. பேத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 49, இரண்டாம் சொனாட்டா 1805-இல் முதன்முதலாக அச்சானபோது எங்கே உரக்க, எங்கே மெல்ல என்ற குறி ஏறக்குறைய இல்லாமலேயே வந்தது. இன்று உங்கள் புத்தகத்தில் பக்கம் நிறைய இருக்கிறதென்றால் அது பதிப்பாசிரியர் ஒருவரின் யோசனை. கேட்டுக்கொள்ளலாம், கட்டுப்படத் தேவையில்லை. ‘உர்டெக்ஸ்ட்’ (இசையமைப்பாளர் எழுதியதை மட்டும் தர முயலும் பதிப்பு) என்று போட்ட பதிப்பை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் அதை போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மொசார்ட்டின் இசைக்குப் பதிப்புரிமை தீர்ந்துபோய்விட்டது. புதிதாகத் தொகுத்து அச்சிட்ட பதிப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. பதிப்புரிமை தீர்ந்த பழைய பதிப்புகள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

நீங்கள் வாசித்த வீடியோவை ஏற்றியதும் வேறொரு ரெக்கார்ட் கம்பெனியின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்பதும் உண்டு. பயந்து அழித்துவிடாதீர்கள். தானியங்கி ஒப்பீட்டில் வரும் குழப்பம் அது. வாசித்தது நீங்கள், இசை பொதுச்சொத்து என்று எழுதி ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கே. 545 கைக்கு மீறினால் கிளெமென்டியின் ஓபஸ் 36, ஆறு சொனாட்டினாக்கள் (சின்ன சொனாட்டாக்கள்), 1797-இல் வந்தவை, நல்ல மாற்று. அவற்றில் முதலாவதில் தொடங்குங்கள்.

இருவர் சேர்ந்து வாசிக்க ஆசையிருந்தால் டயாபெல்லியின் ஓபஸ் 149-ஐத் தேடிப்பிடியுங்கள். வலப்பக்கம் உட்காருபவருக்கு ஐந்து விரல் எட்டும் ஸ்வரங்களுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். இடப்பக்கக்காரருக்குத்தான் வேலை அதிகம். ஹைடனும் ‘குருவும் சீடனும்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டு நான்கு கைக்கு ஒன்று எழுதியிருக்கிறார். குரு ஒரு துண்டு வாசிக்க, சீடன் அதை மேலே திருப்பி வாசிக்க வேண்டும், போகப்போகக் குரு விடாமல் சிக்கலாக்கிக்கொண்டே போவார். உட்காருவதற்கு முன்பே பெடலை யார் மிதிப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். வழக்கமாக அது இடப்பக்கம் இருப்பவரின் பொறுப்பு.