மணியை உருக்கினால் பீரங்கி ஆகிவிடுமா?

1700 நவம்பரில் நார்வா கோட்டையருகே ஸ்வீடன் படையிடம் ரஷ்யா படுதோல்வி அடைந்தது. கொண்டுபோன பீரங்கிகள் எதிரியின் கைக்குப் போயின. உடனே ஜார் மன்னர் பீட்டர் தேவாலய மணிகளை இறக்கி உருக்கச் சொன்னார். இதை அவருடைய துணிச்சலுக்கு அடையாளமாகச் சொல்வார்கள். ஆனால் உருக்கிய மணியை அப்படியே அச்சில் ஊற்றிவிட முடியாது.

மணி வெண்கலத்தில் சுமார் 20 சதவீதம் வெள்ளீயம் இருக்கும். அதனால்தான் ஓசை கணீரென்று நீண்டு ஒலிக்கிறது. அதனாலேயே அந்த உலோகம் எளிதில் உடையும். அதில் பீரங்கி வார்த்தால் வெடிமருந்தின் அழுத்தத்தில் பிளந்துவிடும். பீரங்கிக்கு வெள்ளீயம் 10 சதவீதம் போதும். அப்படியென்றால் 100 கிலோ மணி உலோகத்துக்கு ஏறக்குறைய இன்னொரு 100 கிலோ சுத்தமான செம்பு வேண்டும். வார்ப்பு வேலைக்குப் பொறுப்பேற்ற ஆந்திரேய் வினியஸ் அந்தச் செம்புக்காகத்தான் அல்லாடினார். மணிகள் மலையாகக் குவிந்துவிட்டன, கலக்கச் செம்பு இல்லை. இருந்தும் 1701 முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட பீரங்கிகள் தயாராகின.

பீட்டர் என்றதும் தாடிக்குப் போட்ட வரியும் பிரபுக்களுக்கு மாட்டிவிட்ட ஐரோப்பிய உடையும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அவை மேல்பூச்சாகவே தெரிகின்றன. அளவு, விகிதம், கணக்கு இவற்றை ஒரு நாட்டுக்குள் வேரூன்ற வைக்க அவர் பட்ட பாடுதான் பெரிய கதை.

1697-இல் அவர் பேரை மாற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில் நான்கு மாதம் கோடரி பிடித்து வேலை செய்தார். 'பீட்டர் அண்ட் பால்' என்ற கப்பலைக் கட்டுவதில் அவர் கையும் இருந்தது. தலைமைத் தச்சர் நற்சான்றும் கொடுத்தார். ஆனாலும் பீட்டருக்குத் திருப்தியில்லை. கப்பலின் அளவுகளை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டபோது, டச்சுக்காரர்களால் வரைபடம் போட்டு விளக்க முடியவில்லை. அவர்களுடையது கைப்பழக்கத்தில் வந்த வித்தை. பல ஆண்டுகள் கூடவே நின்றால்தான் அது படியும். அவசரத்தில் இருக்கும் ஒரு நாட்டுக்கு அது சரிப்படாது. 1698 தொடக்கத்தில் அவர் இங்கிலாந்தின் டெப்ட்ஃபோர்டுக்குப் போனார். அங்கே கப்பல் முதலில் காகிதத்தில் உருவாகும், அப்புறம்தான் மரத்தில். காகிதத்தில் இருப்பதை ஊருக்கு எடுத்துப்போகலாம், நூறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே? ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கணிதம் கற்பித்த ஹென்றி ஃபார்குவார்சனை அமர்த்தினார். 1701-இல் மாஸ்கோவில் கணித, கடற்பயணப் பள்ளி தொடங்கியது. சுகாரெவ் கோபுரம் அதன் இடமானது.

அங்கே முதல் தடை எண்களே. அன்றைய ரஷ்யாவில் எழுத்துகளையே எண்களாகவும் எழுதினார்கள். ஒன்றுகளுக்கு ஒன்பது எழுத்து, பத்துகளுக்கு ஒன்பது, நூறுகளுக்கு ஒன்பது. 2 என்றால் 'வேதி', 20 என்றால் 'காகோ', 200 என்றால் 'ஸ்லோவோ'. மூன்றுக்கும் உருவத்தில் சம்பந்தமே இல்லை, பூஜ்யமும் கிடையாது. தொகையைக் குறித்து வைக்க இது போதும். ஆனால் 2-ஐ 3-ஆல் பெருக்கத் தெரிந்தவர் அதை வைத்து 20-ஐ 3-ஆல் பெருக்க எழுத்து கைகொடுக்காது. அதற்கு மணிச்சட்டத்தைத்தான் நாட வேண்டும். நடுக்கடலில் கோணம் அளந்து, முக்கோணவியல் அட்டவணை பார்த்து, கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க இந்த முறை உதவாது.

1703-இல் லியோன்டி மக்னீட்ஸ்கி எழுதிய 'எண்கணிதம்' அச்சானது. கணக்குகள் எல்லாம் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களில். ஆனால் தாள்களின் வரிசை எண் மட்டும் பழைய எழுத்துகளில்! ஒரு நாடு பாதி தூரம் கடந்து நிற்பதை அதன் பக்கங்களிலேயே பார்க்கலாம். அதே ஆண்டு மடக்கை அட்டவணையும் மாஸ்கோவில் அச்சேறியது. 1704-இல் ஒரு ரூபிளுக்கு 100 கோபெக் என்று நாணயமும் பதின்ம முறைக்குள் வந்தது. 1710-இல் பீட்டர் எழுத்து மாதிரித் தாளை வைத்துக்கொண்டு, வேண்டாத பழைய வடிவங்களைத் தன் கையாலேயே அடித்து, அச்செழுத்தை எளிமையாக்கினார்.

இதற்கெல்லாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1715-இல் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய கடற்படை அகாதமியில், வகுப்புக்கு ஒரு ஓய்வுபெற்ற படைவீரர் சவுக்கோடு நிற்க வேண்டும் என்பது விதி. மாஸ்கோ பள்ளி சாமானியர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தது, பண்ணையடிமைகளுக்கு மட்டும் கதவு மூடியே இருந்தது. 1721-இல் ஆலை முதலாளிகள் கிராமங்களையே குடியானவர்களோடு விலைக்கு வாங்க அனுமதி வந்தது. 1724-இல் தலைவரி. அறிவு மேலே போகப்போக, சுமை கீழே இறங்கியது. இதைச் சொல்லாமல் பீட்டரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அவர் 1725 தொடக்கத்தில் இறந்தார். அதே ஆண்டு திறந்த அறிவியல் அகாதமிக்குப் பேராசிரியர்களை மட்டுமல்ல, மாணவர்களையும் ஜெர்மன் நாடுகளிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. கடற்பயணப் பள்ளியின் நிலைமை வேறு. அங்கே படித்த அலெக்சேய் சிரிகோவ், பின்னர் கடற்படை அகாதமியில் ஆசிரியராகவே ஆனார். 1741 ஜூலையில் பசிபிக் கடலைக் கடந்து அலாஸ்கா கரையைக் கண்டார், பயணத் தலைவர் பெரிங் பார்ப்பதற்கு ஒரு நாள் முன்பே.