கம்ப்ரசர் இல்லாமல் காற்றடிக்கும் சிலிண்டர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். சுற்றிலும் செந்நிற மணற்பாறை மேடுகள். 1967 முதல் ஈஸ்டரை ஒட்டி ஜீப்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். பாறைமேல் ஏறுமுன் அவர்கள் செய்கிற வேலை, டயரில் காற்றை இறக்குவது. 30 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) இருந்தால் 12 வரைக்கும்கூட இறக்குவார்கள். டயர் தொய்ந்து அகலமாகப் பதியும், மேடுபள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். இறக்குவது சுலபம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் நான்கு டயருக்கும் மறுபடி அடித்தாக வேண்டும். தொய்ந்த டயரோடு வேகமாகப் போனால் அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழிந்துவிடும்.

எவ்வளவு காற்று வேண்டும்? 35 அங்குல டயர் ஒன்றுக்குள் சுமார் 110 லிட்டர் இடம் இருக்கிறது. 12லிருந்து 30க்கு ஏற்ற, வெளிக்காற்றுக் கணக்கில் ஏறக்குறைய 135 லிட்டர் உள்ளே போக வேண்டும். நான்குக்கும் சேர்த்து 540. கார் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் தள்ளும். டயரில் அழுத்தம் ஏற ஏற அதுவும் குறையும். கால் மணி நேரத்துக்கு மேல் கதறிக்கொண்டே இருக்கும், நடுவில் சூடாகி நின்றாலும் நிற்கும்.

சரி, காற்றை முன்கூட்டியே அடைத்து எடுத்துப் போனால்? ஆழ்கடல் நீச்சல்காரர்கள் முதுகில் சுமக்கும் அலுமினிய சிலிண்டர் இருக்கிறதே, அதன் கொள்ளளவு 11 லிட்டர். 207 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம், சுமார் 14.5 பிஎஸ்ஐ) சுமார் 2,200 லிட்டர் காற்று அதில் அடங்கும். நான்கு முறை நான்கு டயருக்கும் அடிக்கலாம். ஆனால் காலியாக இருக்கும்போதே அது 14 கிலோ. நைட்ரஜன் சிலிண்டரும் இதே வகைதான்; காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கும்போது அதற்குத் தனியாகக் காசு கொடுப்பதில் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை.

கார்பன் டை ஆக்சைடு வேறு ரகம். 20 டிகிரி செல்சியஸில் 57 பார் அழுத்தம் கொடுத்தாலே அது திரவமாகிவிடும். அதனால் 7 லிட்டர்கூட வராத சிலிண்டரில் 4.5 கிலோ அடைக்கலாம். அது வாயுவானால் சுமார் 2,450 லிட்டர்! வெறும் காற்றை இதே சிலிண்டரில் இந்த அளவுக்கு அடைக்க 370 பாராவது வேண்டியிருக்கும். நான்கு டயருக்கு ஒரு கிலோ திரவம் போதும்.

வால்வைத் திறந்ததும் மேலே இருக்கும் வாயு வெளியேறுகிறது. அழுத்தம் கொஞ்சம் இறங்கியவுடன் அடியிலுள்ள திரவம் கொதித்துப் புது வாயுவைத் தருகிறது. திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், மிச்சமிருக்கும் அளவு அல்ல. வீட்டு காஸ் சிலிண்டரும் இப்படித்தான்: பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில் எரியும், எவ்வளவு மிச்சம் என்பதைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பூஜ்யம் டிகிரிக் குளிரிலும் 35 பார் இருக்கும். டயருக்கு வேண்டியதோ 2 பார்.

கொதிக்க வெப்பம் வேண்டுமே! அதைத் திரவத்திலிருந்தும் சிலிண்டர் உலோகத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சிலிண்டர் வாயில் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் அது 57லிருந்து 10 பாருக்கு விழும் இடத்தில் வாயு மைனஸ் 40 டிகிரியை நெருங்கக்கூடும். வெயிலில் நிற்கும்போதே பித்தளையில் வெள்ளையாக உறைபனி படரும், வெறுங்கையால் தொடக்கூடாது. சிலிண்டரைப் படுக்கவைத்துத் திறந்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். 5.2 பாருக்குக் கீழே கார்பன் டை ஆக்சைடு திரவமாக நிற்காது. பாதி வாயுவாகவும் பாதி உலர்பனிக் கட்டியாகவும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) மாறி வழியை அடைக்கும். நிமிர்த்தி வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இதன் உண்மையான பலம் வேகம். காற்று குறைந்த டயர் பாறையில் இடித்து ரிம்மை விட்டு விலகிவிட்டால், சின்ன கம்ப்ரசர் தரும் காற்று இடுக்கு வழியாகவே போய்விடும். சிலிண்டர் ஒரே மூச்சில் தள்ளும்; விளிம்பு ‘டப்’பென்று ரிம்மில் போய் உட்காரும்.

வெயில் நாட்டில்தான் எனக்குத் தயக்கம். 31 டிகிரிக்கு மேல் இந்த வாயுவைத் திரவமாகவே வைத்திருக்க முடியாது. அதற்கப்புறம் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். மூடிய கார் வெயிலில் 60 டிகிரியைத் தொட்டால், முழுதாக நிரப்பிய சிலிண்டருக்குள் 180 பார் வரை போகும். இன்னும் ஏறினால் வால்வில் இதற்கென்றே வைத்திருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தகடு கிழிந்து வாயு முழுவதையும் வெளியே விடும். சிலிண்டர் வெடிக்காமலிருக்க அது அவசியம், ஆனால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஆள் இருக்கும்போது நடந்தால்? 4.5 கிலோ என்பது இரண்டரை கன மீட்டர் வாயு, காருக்குள் இருக்கும் இடமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காற்றில் 10 சதவீதம் கலந்தாலே சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆகவே வண்டிக்கு வெளியே அல்லது திறந்த பின்பகுதியில் நிமிர்த்திக் கட்டுவதுதான் முறை.

டயர் ரப்பர் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட வேகமாகக் கசியும். சைக்கிள் டயரில் இதை ஓரிரு நாளிலேயே பார்க்கலாம். ஜீப் டயர் தடிமன், உள்ளே ஏற்கனவே பாதி காற்றுதான். வீடு போய்ச் சேர்ந்து, அடுத்த முறை பெட்ரோல் போடும்போது ஒரு தடவை அளந்து பார்த்துக்கொண்டால் போதும்.