மீண்டும் அழுத்தினால் இரண்டு பில் விழுமா?

கையடக்கப் பில் கருவியோடு மல்லுக்கட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பில்லை அனுப்பினேன். சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, 'மீண்டும் முயலவும்' என்றது. முயன்றால் இரண்டு பில் விழாதா?"

விழலாம். எல்லாம் கருவியின் மென்பொருளை எழுதியவர் கையில்.

கருவி வெறும் திரையாக இருக்க, விலையும் கணக்கும் சர்வரில், அதாவது எல்லாக் கருவிகளும் தொடர்புகொள்ளும் மையக் கணினியில், இருப்பது ஒரு கட்டமைப்பு. கருவிக்குள்ளேயே ஒரு சிறு டேட்டாபேஸை, அதாவது தகவல் பெட்டகத்தை, வைப்பது இன்னொன்று. முன்னதைப் பராமரிப்பது சுலபம். ஆனால் வைஃபை அறுந்தால் கருவி வெறும் டப்பா. வைஃபையோ அறுந்துகொண்டேதான் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். நேரே வந்த அலையும் சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் சிக்னல் செத்துப்போகும். ஒரு சாண் நகர்ந்தால் உயிர் வரும். கருவியைத் தட்டினால் வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டும்போது கை நகர்வதுதான் காரணமோ என்பது என் சந்தேகம்.

சரி, பில் போகும் வழியில் தொலைந்ததா? அல்லது பில் பதிவாகி, 'கிடைத்தது' என்ற பதில் திரும்பும் வழியில் தொலைந்ததா? கருவிக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். 1978இல் கணினி அறிஞர் ஜிம் கிரே இதற்கு இரு தளபதிகள் கதையைச் சொன்னார். இரண்டு மலைகளில் இரண்டு படைகள், நடுவில் எதிரி. சேர்ந்து தாக்கினால்தான் வெற்றி. தூதன் வழியில் பிடிபடலாம். எத்தனை தூதர் போய் வந்தால் இருவருக்கும் உறுதி வரும்? எத்தனை பேர் போனாலும் வராது. ஏதோ ஓர் எண்ணிக்கை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தூதன் பிடிபட்டாலும் திட்டம் பிசகக் கூடாது என்றால் அவன் தேவையே இல்லை, நீக்கிவிடலாம். இப்போது அவனுக்கு முந்தியவன் கடைசி ஆள். அவனையும் நீக்கு. இப்படியே போனால் தூதனே இல்லாமல் உடன்பாடு வந்தாக வேண்டும்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத நிரூபணம் இது.

உறுதி கிடைக்காது, ஆனால் மறுபடி அனுப்புவதால் கெடுதல் வராமல் செய்ய முடியும். பில் உருவாகும்போதே, அனுப்புவதற்கு முன், கருவி 128 பிட் நீளத்தில் ஓர் அடையாள எண்ணைத் தானே உருவாக்கித் தன் நினைவகத்தில் எழுதிவிடும். அதில் 122 பிட்கள் குருட்டாம்போக்கானவை. இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழும் என்ற கவலையை மறந்துவிடலாம். ஏற்கெனவே பதிவான எண்ணோடு பில் வந்தால் சர்வர் புதிதாக எதையும் பதியாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். பத்து முறை அழுத்தினாலும் ஒரே பில். ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் போடுகிற மென்பொருளும் உண்டு. அது பூட்டுப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போல.

என் தேர்வு, கருவிக்குள் டேட்டாபேஸ், அனுப்ப வேண்டிய பில்களுக்கு ஒரு வரிசை. ஆனால் கையிருப்பில் உள்ள கடைசிப் பொருளை, தொடர்பு அறுந்த இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் விற்பதை இதுவும் தடுக்காது. விற்பனையை நிறுத்துவதா, துணிந்து விற்பதா என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும்.

உங்கள் கருவி எந்த ரகம்? ஒரு சோதனை பில்லை அனுப்பியதுமே வைஃபையை அணையுங்கள். மீண்டும் இணைத்து அழுத்துங்கள். பதில் திரும்பும் கணத்தில் தொடர்பு அறுந்தால்தான் குட்டு வெளிப்படும் என்பதால், இருபது முப்பது தடவை செய்துவிட்டுச் சர்வரில் பில்களை எண்ணுங்கள்.