உச்சிச்சுடர்: கிரீடமும் அன்று, கொண்டையும் அன்று

தாய்லாந்தின் பழைய வெண்கலப் புத்தர் படிமங்களைத் தமிழில் விவரிப்பவர்கள், சுகோதாய் என்னும் பழைய அரசின் காலத்துப் புத்தரின் தலைமேல் எழும் சுடரை ‘நெருப்புக் கிரீடம்’ என்றும், அதன் கீழுள்ள புடைப்பைக் ‘கொண்டை’ என்றும் எழுதிவருகிறார்கள். இரண்டும் பிழை.

புடைப்பின் பெயர் உஷ்ணீஷம். வடமொழியில் தலைப்பாகையைக் குறித்த இச்சொல், மகாபுருடர் எனப்படும் மாமனிதருக்குரிய 32 இலக்கணங்களுள் ஒன்றின் பெயராகிப் புத்தரின் உச்சந்தலைக்கு வந்தது. அதன்மேல் நிற்கும் சுடரைத் தாய்லாந்து மொழியினர் ‘ரட்சமி’ என்பர். கதிர் என்று பொருள்படும் ‘ரச்மி’யே அது.

கொண்டை என்பது முடிந்த கூந்தல். இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதியிலிருந்த காந்தாரத்தின் சிற்பிகள் அலைபாயும் கூந்தலை உச்சியில் முடிந்து காட்டியதால் அங்கே அச்சொல்லைப் பொறுத்துக்கொள்ளலாம். துறவு பூண்டபோது சித்தார்த்தர் தலைமயிரை வாளால் அரிந்தார் என்பது மரபு. அதற்கேற்பச் சிறுசுருள்களை மட்டுமே கொண்ட சுகோதாய்ப் படிமத்தில் முடிவதற்குக் கூந்தலே இல்லை.

கிரீடம் இதைவிடக் கேடான சொல். சுகோதாய்க்குப் பின் மேலோங்கிய அயுத்தயா அரசின் காலத்தில் உண்மையாகவே மகுடமும் அணிகலன்களும் பூண்ட புத்தர்களை வார்த்தார்கள். செருக்குற்ற சம்புபதி அரசனை அடக்கப் புத்தர் பேரரசர் கோலத்தில் தோன்றிய கதையோடு அவற்றை இணைத்துச் சொல்வர். சுடரையும் கிரீடம் என்றுவிட்டால், இந்தப் படிமங்களை எச்சொல்லால் பிரித்துக் காட்டுவது? தூய தமிழ் வேண்டுவோர் சொல்லும் ‘சுடர்முடி’யும் உதவாது. முடி என்பது மயிரையும் குறிக்கும், மகுடத்தையும் குறிக்கும். நாம் விலக்க நினைக்கும் இரு பிழைகளையும் அந்த ஒரே சொல் மீண்டும் உள்ளே அழைத்துவருகிறது. கிரீட மகுடம், கரண்ட மகுடம், சடா மகுடம் என்று தலைக்கோலங்களை நுணுக்கமாகப் பிரித்தறியும் தபதிகளைச், அதாவது கோயிற்சிற்பிகளைப், பெற்ற மொழியில், படிமத்தை உற்றுப் பாராமல் ஆங்கிலக் குறிப்பை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பது பொறுக்கத்தக்கதன்று.

இத்தனைக்கும் இச்சுடர் நமக்குப் புதிதும் அன்று. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் பலவற்றின் தலையில் அது இருக்கிறது. சிங்களத்தில் அதற்குச் ‘சிரஸ்பத’ என்று தனிப்பெயரே உண்டு. சுகோதாய்க் கலையும் இலங்கைப் பௌத்தத் தொடர்பால் செழித்ததே.

புடைப்பை ‘உச்சிமேடு’ என்றும் சுடரை ‘உச்சிச்சுடர்’ என்றும் எழுதலாம். வட தாய்லாந்தின் பழைய லன்னா நாட்டில், ‘சிங்க வகை’ எனப்படும் புத்தர் படிமங்களில் சுடர் இருக்கும் இடத்தில் தாமரை மொட்டு அமைந்திருக்கும். அதனை ‘உச்சிமொட்டு’ என்றால் இருவகைப் படிமங்களுக்கும் உள்ள வேறுபாடு பெயரிலேயே விளங்கும்.