ஒரு கூடைக் கொழுந்தின் காசு எங்கே தங்குகிறது?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் தேத்தண்ணி குடிக்கும் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு ஊர் மலையகத்தில் ஹட்டன் பக்கம். அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஊருக்குப் போய் வந்த தம்பி ஒருநாள் அம்மாவின் சம்பளத் துண்டைக் காட்டினார். மேலே எத்தனை பேர் (ஒருநாள் கூலிக்கான வேலை), எத்தனை அரைப்பேர் என்ற கணக்கு. கீழே வெட்டப்பட்ட காசு: சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் பணம், முற்பணம். கடைசியில் தேயிலைத் தூள். "நாங்க எடுத்த கொழுந்துதான் அண்ணா, தூளுக்கும் காசு பிடிக்கிறாங்க" என்றார்.

அந்தத் துண்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முழுப் பேர் விழப் பல தோட்டங்களில் 18 கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து எடுக்க வேண்டும். நாலரை முதல் ஐந்து கிலோ கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்தால் ஒரு கிலோ தூள். ஆக, ஒரு தாயின் ஒருநாள் உழைப்பு ஏறக்குறைய 4 கிலோ தூள். தேயிலைப் பை ஒன்றுக்கு 2 கிராம் என்றால் கிட்டத்தட்ட 2,000 பைகள். வெளிநாட்டுக் கடைத்தட்டில் அந்த 2,000 பைகளும் விற்கும் விலைக்கும் இந்தத் துண்டில் இருக்கும் ஒருநாள் கூலிக்கும் நடுவில் உள்ள காசு எங்கே தங்குகிறது? பொருளியலார் 'பெறுமதிச் சங்கிலி' என்று சொல்வது இந்தப் பயணத்தைத்தான்.

பறித்த கொழுந்து காத்திருக்காது. அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தூள் கொழும்புக்கு இறங்கும். இங்கே 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது இணையத்துக்கு மாறியது. தரகர்கள் மாதிரிகளை அனுப்ப, வாங்குவோர் சுவைத்துப் பார்த்து விலை கேட்பார்கள். அப்புறம் கப்பல். அந்தப் பக்கம் பெரிய கம்பெனிகள் கென்யத் தேயிலை, அசாம் தேயிலை, நம்முடையது எல்லாவற்றையும் கலந்து பெட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டும்.

சூட்சுமம் அந்தக் கலவையில் இருக்கிறது. நம் தேயிலை விலை ஏறினால் கலப்பவர் அதில் கொஞ்சம் குறைத்து வேறு நாட்டுத் தூளைச் சேர்ப்பார். குடிப்பவருக்குத் தெரியாது. ஆனால் பெட்டியில் உள்ள பெயரை மாற்றினால் உடனே தெரிந்துவிடும். சங்கிலியில் எந்த இடத்துக்கு மாற்று ஆள் கிடைக்காதோ, காசு அந்த இடத்தில் தங்கும். கொழுந்துக்கு மாற்று உண்டு, பெயருக்கு இல்லை. உழைப்பின் கடுமைக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

அந்தப் பெயரின் பெறுமதி எவ்வளவு? லிப்டன் உள்ளிட்ட தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை 450 கோடி யூரோவுக்கு விற்க யூனிலீவர் 2021இல் ஒப்புக்கொண்டது. ஆபிரிக்காவில் இருந்த சில தோட்டங்களும் அதில் அடக்கம்தான். ஆனாலும் வாங்கியவர் விலை கொடுத்தது முக்கியமாகப் பெயர்களுக்கு. இலங்கை முழுவதும் அந்த ஒரு வருடத்தில் ஏற்றுமதி செய்த தேயிலையின் மதிப்பு 130 கோடி டொலர் அளவில். அப்படி மூன்று வருட ஏற்றுமதியைச் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது.

அப்படியானால் பெயரை நாமே வைத்துக்கொண்டால் சரியாகிவிடுமா? மெரில் ஜே. பெர்னாண்டோ தில்மா மூலம் அதைச் செய்து காட்டினார். இங்கேயே அடைத்து, சொந்தப் பெயரில் உலகெங்கும் விற்றார். நாட்டுக்கு அது பெரிய இலாபம். ஆனால் நாட்டுக்குள் வந்த காசு மலைக்கு ஏறுமா என்பதை வேறொரு விதி தீர்மானிக்கிறது.

2022இன் பொருளாதார நெருக்கடி அதைக் கண்முன்னே காட்டியது. வருடத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. சில மாதங்களில் 360. தேயிலை டொலருக்கு விற்கும் பொருள். 2021இல் கிலோ 600 ரூபாவுக்குச் சற்று மேல் இருந்த சராசரி ஏல விலை 2022இல் 1,200ஐத் தாண்டியது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோ 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாவிலேயே நின்றது. ஐந்து டொலராக இருந்த கூலி மூன்று டொலருக்கும் கீழே போனது. அது 1,350 ஆக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல் அரசு போட்ட இரசாயன உரத்தடையால் விளைச்சல் விழுந்தது, எரிபொருள் விலை ஏறியது, கம்பெனிகளுக்கும் செலவு கூடியது, உண்மைதான். ஆனால் அதே காலத்தில் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களைப் பாருங்கள். தொழிற்சாலை தூளை விற்ற விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்று அவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஏலம் ஏறியபோது அவர்களுடைய கொழுந்து விலையும் கூடவே ஏறியது. அதே ஏலம், அதே செடி. விதி மட்டும் வேறு.

சங்கிலியில் சேராமல் இருப்பதே நல்லது என்று நான் சொல்லவில்லை. உலகச் சங்கிலிகளில் ஒரு நாட்டின் பங்கு ஒரு சதவீதம் கூடினால் ஆள்வீத வருமானம் ஒரு சதவீதத்துக்கும் மேல் உயர்கிறது என உலக வங்கியின் 2020 அறிக்கை மதிப்பிட்டது. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் ஏராளமான பெண்களுக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தன. ஆனால் 2020இல் வெளிநாட்டு வாங்குநர்கள் ஓடர்களை நிறுத்தியபோது இடி இறங்கியது வாடகை அறைகளில் இருந்த அந்தப் பெண்கள் மேல். இலாபம் மேலே ஏறுகிற வேகத்தில் நட்டம் கீழே வருகிறது.

தோட்டப்புற வறுமை 2006/07இல் 32 சதவீதம், 2016இல் 8.8. நெருக்கடிக்கு முந்தைய இந்த இறக்கத்தைக் கொழுந்து விலையை மட்டும் வைத்து விளக்க முடியாது. தேத்தண்ணிக் கடைத் தம்பி மாதம் அனுப்பும் காசுபோல் வெளியிலிருந்து வந்த வருமானத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நாட்கூலிக்குப் பதில் செடிகளைப் பிரித்துக் கொடுத்து வருமானத்தில் பங்கு தரும் முறையைச் சில தோட்டக் கம்பெனிகள் கொண்டுவந்திருக்கின்றன. 68 சதவீதக் கதையைத் தம்பியிடம் சொன்னபோது அவர் உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டு என்னிடம் தந்தார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். "காணி யார் பேர்ல இருக்கும் தம்பி? மழை இல்லாம கொழுந்து வராத மாசம் எங்களுக்கு யார் குடுப்பா?"