சமைக்காத உணவில் மூன்றாம் ஆண்டு

பொதிகை அடிவாரத்து ஊர்களுக்கு இயற்கை உணவு புதிய பேச்சு இல்லை. தேங்காயும் வாழைப்பழமும் போதும், அடுப்பே வேண்டாம் என்று சொன்னவர்களும் அப்படியே வாழ்ந்தவர்களும் சிவசைலம் பக்கம் உண்டு. அதைக் கேட்டு வீட்டு அடுப்பை அணைத்தவர்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரை இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. குறிப்பாக, தொடங்கி ஒரு வருடம் தாண்டியவர்களுக்காக.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் இருக்கும். எடை இறங்கும், மலச்சிக்கல் போகும், ரத்த அழுத்தமும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் குறையும். உப்பு, எண்ணெய்ப் பலகாரம், ராத்திரி புரோட்டா சால்னா எல்லாம் ஒரே நாளில் நின்று, நார்ச்சத்து இரண்டு மூன்று மடங்கு ஏறினால் உடம்பு இளகத்தான் செய்யும். அந்த ஆறு மாதம் தந்த நம்பிக்கைதான் பிறகு வரும் அறிகுறிகளைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் செய்கிறது. கால் மரத்துப்போனால் ‘கழிவு வெளியேறுகிறது’ என்கிறார்கள். மாதவிடாய் நின்றால் ‘உடம்பு சுத்தமாகிவிட்டது’ என்கிறார்கள். இரண்டும் ஆபத்தான விளக்கங்கள்.

நீண்ட காலம் பச்சையாகவே சாப்பிட்டவர்களை ஜெர்மனியின் கீசன் நகரத்து ஆய்வாளர்கள் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். 1999இல் வந்த ஆய்வில் 216 ஆண்கள், 297 பெண்கள், சராசரியாக 3.7 ஆண்டுகள் இந்த உணவில் இருந்தவர்கள். ஆண்கள் சுமார் 10 கிலோ, பெண்கள் 12 கிலோ இளைத்திருந்தார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தவறியிருந்தது, அல்லது முழுவதும் நின்றிருந்தது. 2005இல் 201 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கெட்ட கொழுப்பு குறைவு, டிரைகிளிசரைடு குறைவு. அதே ரத்தத்தில் 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை, 46 சதவீதம் பேருக்கு நல்ல கொழுப்பும் குறைவு. லாபமும் நஷ்டமும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்கின்றன.

நம்மூர்த் தட்டை ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். உரித்த வாழைப்பழம் 1 கிலோ: 11 கிராம் புரதம். ஒரு தேங்காயின் பருப்பு 200 கிராம்: ஆறரை கிராம். ஒரு சிறங்கை, அதாவது 30 கிராம் பாசிப்பயறு முளைகட்டியது: 7 கிராம். வெள்ளரி, கேரட், கீரை எல்லாம் சேர்ந்து 3 கிராம். மொத்தம் 28 கிராம்கூட வரவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 50 கிராம். கலோரி 1,700 தாண்டிவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். தசைக்குப் போக வேண்டியது போயிருக்காது. முளைத்தால் புரதம் கூடும் என்பதும் சரியில்லை. பயறு ஊதுவது தண்ணீரால். முளைகட்டுவதால் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் பைடேட் குறைகிறது, சில வைட்டமின்கள் ஏறுகின்றன. அந்த மட்டுக்கு நல்லது.

இனி பி12. செடி எதிலும் இது நம்பும்படியான அளவில் கிடையாது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். உடம்பில், பெரும்பாலும் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை சேமிப்பு இருக்கும். தினச் செலவு 2 மைக்ரோகிராம் அளவுதான். அதனால்தான் முதல் வருடம் ஒன்றும் தெரிவதில்லை, மூன்றாம் நான்காம் வருடம் திடீரென்று வந்ததுபோல் தோன்றுகிறது. பிறவியிலிருந்தே சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சேமிப்பே கம்மி, அவர்களுக்குச் சீக்கிரம் தீரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையும் பி12 உறிஞ்சலைக் குறைக்கும்.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. பழமும் கீரையும் நிறையச் சாப்பிடுவதால் ஃபோலிக் அமிலம் ஏராளமாகக் கிடைக்கும்; அது ரத்தச்சோகையை மறைத்துவிடும். ஹீமோகுளோபின் 12, 13 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே தண்டுவடத்தின் பின்பக்க நரம்புப் பாதை கெட்டுக்கொண்டிருக்கும். அறிகுறி பாதத்தில் தொடங்கும்: இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி எறும்பு ஊர்வது, பஞ்சில் நடப்பதுபோல் இருப்பது, செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி போய்விடுவது. குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். கால் எங்கே இருக்கிறது என்று நரம்பு சொல்லாதபோது அந்த வேலையைக் கண்தான் செய்கிறது. கண்ணை மூடியதும் உடம்பு சாய்கிறது. நாக்கு வழவழப்பாகி எரிவது, விரல் முட்டி கருப்பது, மறதி இவையும் சேரலாம். ஆறு மாதத்துக்குள் பிடித்தால் பெரும்பாலும் மீளலாம். வருடக்கணக்கில் விட்டால் முழுதாகத் திரும்பாது.

கர்ப்பிணியும் தாய்ப்பால் கொடுக்கும் தாயும் இந்த உணவில் மட்டும் இருக்கவே கூடாது. தாய்க்கு பி12 இல்லையென்றால் பாலிலும் இருக்காது. ஆறாவது மாதத்துக்குப் பிறகு குழந்தை சிரிப்பதை மறக்கும், உட்கார்ந்தது உட்காராது, கையும் தலையும் நடுங்கும், முட்டி கருக்கும். ஊசி போட்டால் நடுக்கம் நிற்கும். மூளை வளர்ச்சியில் விழுந்த பள்ளம் சில பிள்ளைகளுக்கு நிரம்புவதே இல்லை. வளரும் பிள்ளைகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்தாதீர்கள்.

பல்லும் தேயும். புளிப்புப் பழம் நாள் முழுக்க வாயில் பட்டால் எனாமல் கரையும். சாப்பிட்டதும் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். உப்பை அடியோடு விட்டவர்களுக்கு அயோடின் வரும் வழி அடைபடுகிறது, தைராய்டைப் பார்க்க வேண்டும். பப்பாளியும் கேரட்டும் அதிகமாகி உள்ளங்கை மஞ்சளானால் பயப்பட வேண்டாம்; கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால்தான் காமாலை.

பச்சையாகத் தின்னவே கூடாதவை: மரச்சீனிக் கிழங்கு, மொச்சை, ராஜ்மா. முதல் இரண்டில் சயனைடு தரும் பொருள். ராஜ்மாவில் நாலைந்து விதையே வாந்தியில் தள்ளும் லெக்டின் என்ற நச்சுப் புரதம். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காமல் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு குகர்பிட்டசின் என்ற நஞ்சு. குடலில் ரத்தக்கசிவும் மரணமும் நேர்ந்திருக்கின்றன.

முளைப்பயறில் எங்களுக்குக் கவலை அதிகம். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி விதைத் தோலின் வெடிப்புக்குள் இருப்பதால் கழுவினால் போகாது. முளைக்க வைக்கும் ஈரமும் சூடும் அதற்கும் வாகானவை. நம் சித்திரை வெயில் சொல்லவே வேண்டாம். ஆறவைத்த வெந்நீரில் 8 மணி நேரம் ஊறவையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பிசுபிசுப்போ வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் இன்னும் நல்லது. வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் ஆவியில் வைக்காமல் தொடவே வேண்டாம்.

மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்குவதால் வரும் கேடு வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் கீரைச்சாற்றைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை குறையும். இன்சுலின் போடுபவர்களுக்கு எடை இறங்க இறங்கச் சர்க்கரை தாழும்.

தொடர்வது என்று முடிவெடுத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை, முழு ரத்த அணு எண்ணிக்கை, பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) பார்க்க வேண்டும். பி12 ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. 200க்கும் 300க்கும் இடையில் இருந்தால் பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனும் பார்க்க வேண்டும். தினம் 50 முதல் 100 மைக்ரோகிராம், அல்லது வாரம் இரண்டு முறை 1,000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை, விடாமல். இதை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஏற்கெனவே குறைந்துவிட்டவருக்கும் கால் மரத்தவருக்கும் இந்த அளவு போதாது. டாக்டர் சொல்லும் ஊசி வேண்டும்.

மதியம் ஒரு வேளை மட்டும் அடுப்பு மூட்டச் சம்மதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். தொலி உளுந்து 50 கிராம், அரிசி 100 கிராம் போட்டு உளுந்தஞ்சோறு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். உளுந்தில் 12 கிராம், அரிசியில் 7 கிராம் என்று புரதப் பள்ளம் அநேகமாக மூடிவிடும். வேகும்போது புரதம் செரிப்பதைத் தடுக்கும் பருப்பின் டிரிப்சின் தடுப்பானும் பெருமளவு அழிவதால் தின்ற புரதம் நன்றாகச் சேரும். பாக்கி இரண்டு வேளையும் பழமும் தேங்காயும் இருக்கட்டும்.

வெகுவாக இளைத்துவிட்டவர்கள் மட்டும் ஒரே நாளில் முழுச் சாப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரியும். டாக்டர் பார்த்து ரத்தம் சோதித்தபின், கொஞ்சம் பாசிப்பருப்புப் போட்ட நொய்க்கஞ்சியில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் அளவைக் கூட்டலாம். நடுவில் கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ கஞ்சியைக் கூட்டாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.